காய்ந்த தரை

வெள்ளைக் குதிரைக்கு முதலில் வந்தது சேற்றுப்புண். அது எனக்குப் பழக்கமான நோய்தான். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மழைக்காலத்தில் கொழுந்தெடுக்கும் எந்தப் பெண்ணையும் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். விரல் இடுக்குகள் வெளுத்துப் பிளந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவி, அடுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காலையில் மறுபடியும் அதே சேற்றில் இறங்குவேன். அதனால்தான் வெள்ளையின் கணுக்காலுக்குப் பின்னால், குளம்புக்குச் சற்று மேலே உள்ள மடிப்பில், மயிர் கொத்துக் கொத்தாக ஒட்டி அடியில் பொருக்குத் தட்டியிருந்ததைப் பார்த்தபோது நான் பெரிதாகப் பயப்படவில்லை. எனக்கு வருவது இதற்கும் வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அப்போது நான் கொழுந்து வேலையை விட்டுவிட்டுப் பங்களாவில் இருந்தேன். எங்கள் தோட்டத்துப் பங்களா வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஒரு பாறை முதுகின் மேல் கட்டியது. கொழும்பு முதலாளி ஒருவர் அதைக் குத்தகைக்கு எடுத்து, வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டலாக மாற்றியிருந்தார். என் அண்ணன் அங்கே வாட்சர். பங்களாவின் எல்லாச் சாவியும் அவர் இடுப்பில்தான் தொங்கும். அவர் சொல்லித்தான் எனக்குக் கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது.

பங்களாவுக்குப் பின்னால் கருங்கல்லில் கட்டிய நீளமான கட்டடம் ஒன்று இருந்தது. துரைமார் குதிரை கட்டிய லாயம். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள் லயம், குதிரை இருந்தது லாயம். ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். ஆனால் அதன் சுவர் எங்கள் சுவரைவிட இரண்டு மடங்கு தடிப்பு. முதலாளி அந்த லாயத்தின் உள்ளே டைல்ஸ் பதித்து, விளக்குத் தொங்கவிட்டு, சாப்பாட்டு மண்டபமாக ஆக்கினார். சுவர் நிறையக் குதிரைப் படங்கள். படம் மட்டும் போதாது என்று நுவரெலியாவிலிருந்து மூன்று குதிரைகளையும் வாங்கி வந்தார். வயதான வெள்ளைப் பெண் குதிரை ஒன்று, செவலை ஒன்று, குட்டையான கறுப்பு ஒன்று. லாயம் சாப்பாட்டு மண்டபமாகிவிட்டதால், அவை நிற்கக் கீழே பள்ளத்து வயலில் தகரக் கொட்டகை போட்டார்கள். வெயில் காலத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

குதிரைகளோடு வந்த நுவரெலியாக்காரர் தன் வீட்டில் ஏதோ கஷ்டம் என்று ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. குதிரைக்குத் தண்ணீர் வைக்க யாருமில்லாமல் நான் இறங்கினேன். அப்படியே அது என் வேலையாகிப்போனது. பிறகு நாடே பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலம் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வருவது நின்றது. சமையல்காரரும் அறைப் பையன்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். முதலாளி வெளிநாட்டிலிருக்கும் மகனிடம் போய்விட்டார். ஆரம்பத்தில் அடிக்கடி வந்த அவருடைய போன் பிறகு எப்போதாவது வந்தது. அவ்வளவு பெரிய இடத்தில் அண்ணனும் நானும் மூன்று குதிரைகளும்தான் மிச்சம்.

ஐப்பசி மழை பிடித்தது. வெறும் மழையென்றால் சமாளிக்கலாம். மேலே மலையில் விழும் தண்ணீர் முழுவதும் தேயிலைக்குள் ஓடி வந்து அந்தப் பள்ளத்தில்தான் இறங்கியது. குதிரைகள் தீவனத்துக்காக எந்நேரமும் படலைக் கதவுப் பக்கத்திலேயே நிற்கும். அந்த இடம் மிதிபட்டு மிதிபட்டுக் களியாகி, காலை வைத்தால் முழங்கால் வரை இழுத்தது. என் ஒரு பூட்ஸ் உள்ளே போனது கடைசி வரை கிடைக்கவில்லை. வெலிமடைப் பக்கமிருந்து மரக்கறி ஏற்றிப் போகும் லொறிக்காரர் ஒருவர் விலைபோகாத கரட் கிழங்கை மூட்டையாகத் தருவார். அதைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தக் களியைக் கடப்பதுதான் என் நாளின் பெரிய வேலை.

நான் தினமும் சாயந்தரம் குதிரைகளின் கால்களைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவினேன். சுத்தமாக இருந்தால் நோய் வராது என்பது என் எண்ணம். ஆனால் பொருக்கு குறையவில்லை, மேலே ஏறியது. ஒரு நாள் விடிந்ததும் கொட்டகைக்குப் போனேன். வெள்ளை முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி நின்றது. நுனி மட்டும் தரையில் படுகிறது, பட்டவுடன் உடம்பு நடுங்குகிறது. கரட்டை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. கால் முறிந்துவிட்டது என்றே நினைத்தேன். முதலாளிக்குப் போன் பண்ணினேன். மணி அடித்து ஓய்ந்தது. குரல் செய்தி அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை.

லயத்து மாடுகளுக்கு ஊசி போட வருகிற மிருக வைத்தியரின் நம்பர் அண்ணனிடம் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பெண், வேலைக்கு வந்து அதிக காலமாகவில்லை. மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் இல்லையென்று பஸ்ஸில் வந்து, சந்தியிலிருந்து குடையோடு நடந்தே வந்தார். சேற்றைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கி, பிறகு பாவாடையை முடிந்துகொண்டு இறங்கினார்.

"அக்கா, முதலே சொல்லிப்போடுறன்," என்றார். "படிக்கேக்க ஒண்டிரண்டு குதிரைதான் பாத்தனான். இஞ்ச எனக்கு மாடும் ஆடும்தான் வேலை. ஆனா பாப்பம்."

குளம்பின் மேல் கையை வைத்து வெகுநேரம் நின்றார். என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். ஒரு குளம்பு குளிர்ந்திருந்தது. மற்றது காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுட்டது.

"கால் முறியேல்லை, பயப்பிடாதேங்கோ. குளம்புக்குள்ள சீழ் கட்டியிருக்கு. எந்நேரமும் ஈரத்தில நிண்டு குளம்பு ஊறிப்போச்சு. எங்கேயோ ஒரு சின்னக் கல்லு குத்தியிருக்கும்."

படிக்கும் காலத்து நண்பர் ஒருவருக்குப் போன் போட்டு, அவர் சொல்லச் சொல்லக் குளம்பின் அடியைச் சீவினார். வெள்ளையின் கழுத்தை நான் கட்டிப் பிடித்திருந்தேன். கொஞ்சம் கறுப்பாக நீர் வந்தது. முழுவதும் வரவில்லை. தவிட்டையும் எப்சம் உப்பையும் சுடுதண்ணீரில் குழைத்துக் கட்டச் சொன்னார். பிறகு பின்னங்காலில் இருந்த பொருக்கைப் பார்த்தார்.

"இதைக் கழுவிறனீங்களோ?"

"தெனமும் கழுவுறேன் டாக்டரம்மா."

"ஐயோ, கழுவாதேங்கோ. ஈரத்துக்கு மேல ஈரமாப் போகுது. சேறு காயட்டும், காஞ்சாப் பிறகு பிரஷ்ஷால தட்டிவிடுங்கோ. காலைத் துணியால ஒத்தி எடுங்கோ." சுற்றிலும் பார்த்தார். "ஆனா இஞ்ச எது காயப்போகுது? அக்கா, மருந்தை விட முக்கியம், இது காஞ்ச தரையில நிக்க வேணும். இந்தக் கட்டைச் சேத்துக்குள்ள வைச்சா ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு காலிலயே கனநாள் பாரம் போட்டா மற்றக் காலும் பழுதாப் போகும். பிறகு என்னால ஒண்டும் செய்யேலாது."

காய்ந்த தரை அந்தத் தோட்டத்தில் எங்கே இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். டாக்டர் போனதும் நான் கேட்டேன்.

"அண்ணே, அந்த ஹால் சும்மாதான கெடக்கு. ஒரு மூலையில..."

"பைத்தியமா ஒனக்கு? டைல்ஸ் போட்ட எடத்துல குதிரையக் கட்டுறதா? மொதலாளிக்குத் தெரிஞ்சா என்னைய நிக்க வச்சுத் தொரத்துவாரு."

"அவருதான் போனே எடுக்கலையே."

"போன் எடுக்காதவரு கேமரா பாக்க மாட்டாரா?" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இந்தா பாரு தங்கச்சி. நம்ம கூரை ஒழுகுது. போன மழைக்கு ஒங்க அண்ணி சட்டி வச்சிட்டு முழிச்சிக்கிட்டே உக்காந்திருந்தா. ஒரு நா அந்த ஹால்ல நம்மளப் படுக்கச் சொன்னாங்களா? மனுசனுக்குத் தொறக்காத கதவ குதிரைக்கு மட்டும் நான் எப்பிடித் தொறக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது. அதுவும் யார் மேல் என்று தெரியவில்லை.

மறுநாள் பள்ளத்தைக் காய வைக்க என்னால் முடிந்ததைப் பார்ப்போம் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கொட்டகைக்கு மேலே கான் வெட்டித் தண்ணீரை ஓரமாகத் திருப்ப வேண்டும். தேயிலை மலையில் கான் வெட்டுவது ஆம்பளை வேலை. நான் வெட்டியது வளைந்து வளைந்து போனது. சிறிது நேரத்தில் பக்கத்தில் இன்னொரு மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அண்ணன். சரிந்து கிடந்த பழைய கட்டுக் கற்களைச் சுமந்து வந்து படலைப் பக்கம் போட்டோம். அதன் மேல் சல்லிக்கல். கொட்டகைக்குள் காய்ந்த மானாப்புல்லை அடுக்கினோம். தீவனம் வைக்கும் இடத்தையும் மேட்டுக்கு மாற்றினேன். குளம்புக் கட்டின் மேல் உரப் பையைச் சுற்றி இறுக்கினேன். சில நாட்கள் அது வேலை செய்தது. செவலைக்கும் கறுப்புக்கும் கால் பொருக்கு உதிரத் தொடங்கியது. வெள்ளையும் கரட்டைத் தின்றது. காலை மட்டும் ஊன்றவில்லை.

பிறகு அந்தப் பெரிய மழை வந்தது. எதிரே பேசுகிறவர் குரல் கேட்காத மழை. இரண்டாம் நாள் மதியம் நான் கொட்டகைக்குப் போனபோது கானைக் காணவில்லை. மேல் கரை சரிந்து அதை மூடியிருந்தது. புல் படுக்கைக்கு மேலே மஞ்சள் சேறு ஏறி, வெள்ளையின் உரப் பை அதற்குள் புதைந்திருந்தது. அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் என்னைத் தாண்டி மேலே பார்த்தார். சரிந்த இடத்துக்கும் மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே, நிலம் வெடித்து நீளமாக ஒரு கோடு ஓடியிருந்தது.

அண்ணன், மலை சரிந்து லயங்களையே மூடிய மீரியபெத்தையில் ஆட்களைத் தேடி மண் தோண்டப் போனவர். சரிந்த மறுநாள் எங்கள் பக்கத்திலிருந்து லொறியில் போன ஆட்களோடு அவரும் போனார். அதற்குப் பிறகு மழை வலுத்தால் அவருக்குச் சோறு இறங்காது. அந்த வெடிப்பைப் பார்த்ததும் அவர் முகம் எப்படியானது என்பதை இன்றும் என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அவர் அதே மலையடியில் இருந்த லயத்துக்கு ஓடினார். அதற்குள் கிராம அலுவலரும் வந்துவிட்டிருந்தார். எல்லாரும் உடனே பாடசாலைக்குப் போக வேண்டும் என்றார். ஆனால் பாடசாலைக்குப் போகும் வழியில் ஓடை பாலத்துக்கு மேலே ஓடியது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாரும் தாண்ட முடியாது. மூட்டை முடிச்சோடு சனம் மழையில் நின்றது. அப்போது அண்ணன் சொன்னார், "பங்களாவுக்கு வாங்க. அது பாறை மேல இருக்கு."

நான் இதைப் பார்க்கவில்லை, அண்ணி சொல்லித்தான் தெரியும். நான் அப்போது குதிரைகளோடு இருந்தேன். செவலையையும் கறுப்பையும் மேலே ஓட்டிக்கொண்டு போய், பங்களாவுக்குப் பின்னால் பைனஸ் மரங்களுக்கடியில் கட்டிவிட்டேன். அவை கால் உறுதியானவை, நனைந்தாலும் நிற்கும். வெள்ளையைக் கூட்டிவரத்தான் நேரமானது. ஒரு அடி வைக்கும், நிற்கும், மூச்சு வாங்கும். கழுத்தில் கையைப் போட்டுக்கொண்டு, "வாம்மா, வாம்மா" என்று இழுத்துக்கொண்டே வந்தேன். மேலே எப்போது சத்தம் கேட்குமோ என்று ஒவ்வொரு அடிக்கும் காது அங்கேயே இருந்தது.

மண்டபத்து வாசலுக்கு வந்தபோது உள்ளே சனம் நிறைந்திருந்தது. மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு ஈரப் பாய்களை விரித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் கேட்ட காய்ந்த தரை அது. அதில் இப்போது இடம் இல்லை. அப்படி இருப்பதுதான் சரி என்றும் எனக்குத் தெரிந்தது. நான் கயிற்றைப் பிடித்தபடி கூரைத் தண்ணீருக்கடியில் நின்றேன்.

என்னோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்த அக்கா ஒருவர் வாசலுக்கு வந்தார். "ஏண்டி, அந்த நொண்டிய எங்க நிறுத்தப்போற?"

"தெரியலக்கா."

"கோடியில கோப்பை கழுவுற ரூம் ஒண்ணு இருக்குல்ல? அது சும்மாதான கெடக்கு."

உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் எழும்பியது. "புள்ளைங்க படுக்குற எடத்துக்குப் பக்கத்துலயே குதிரையா? சாணியும் மூத்திரமும் நாறும். ராத்திரி ஒதைச்சா யாரு பொறுப்பு?"

அவர் சொன்னதில் தப்பில்லை. எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். சாவி அவரிடம்தானே இருந்தது. அவர் என்னைப் பார்க்காமல், "அதுவும் அந்த மலைக்குக் கீழதான நின்னுச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு, கழுவும் அறையைத் திறந்து, உள்ளேயிருந்த தட்டு அடுக்குகளை வெளியே தூக்கி வைக்க ஆரம்பித்தார். அந்த அக்கா சாக்குகளைக் கொண்டு வந்து தரையில் விரித்தார். வழுக்கும் தரையில் வெள்ளை கால் வைக்க மறுத்தது. இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ள, ஒருவழியாக உள்ளே வந்து சுவரில் உடம்பைச் சாய்த்துக்கொண்டது. மறுப்புச் சொன்ன அந்த ஆள்தான் தள்ளிய இரண்டு பேரில் ஒருவர்.

வெளிச்சம் போவதற்கு முன்பே கரை இறங்கியது. லயத்தின் மேல் விழவில்லை, பள்ளத்தில்தான் விழுந்தது. கொட்டகை நின்ற இடத்தில் ஒரு தகரத்தின் நுனி மட்டும் தெரிந்தது. அண்ணன் வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். அண்ணி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மழை விட்ட பிறகும் சில நாட்கள் அங்கேதான் இருந்தோம். நான் தினமும் இரண்டு வேளை வெள்ளையின் குளம்பைச் சுடுதண்ணீரில் ஊற வைத்து, துணியால் ஒத்திக் காயவிட்டு, தவிட்டை மாற்றிக் கட்டினேன். ஒரு நாள் காலையில் கட்டை அவிழ்த்தபோது, குளம்பு தொடங்கும் மயிர் ஓரத்தில் உடைந்து சீழ் வடிந்திருந்தது. அந்த நாற்றம் அறை முழுக்க இருந்தது. வெள்ளை காலை மெதுவாகத் தரையில் வைத்தது. கொஞ்சம் யோசித்ததைப் போல நின்று, பிறகு பாரத்தையும் போட்டது. நான் அந்த நாற்றத்துக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள், "குதிரை செத்துப்போச்சா?" என்று கேட்டார்கள்.

யாரோ எடுத்த ஒரு படம், சனம் படுத்திருக்க வாசலில் குதிரைத் தலை தெரிகிற படம், பேஸ்புக்கில் போய்விட்டது. முதலாளியின் போன் அப்போதுதான் வந்தது. அண்ணன் எழுந்து நின்றுகொண்டே கேட்டார். டைல்ஸ், மெத்தை, கதவு என்று சிங்களத்தில் அவர் கத்தியது எனக்கே கேட்டது. அடுத்த நாள் மறுபடியும் போன். இந்தத் தடவை குரல் வேறு. படத்துக்குக் கீழே நிறையப் பேர் அவரைப் புண்ணியவான் என்று எழுதியிருந்தார்களாம். எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுக்கச் சொன்னார். அண்ணன் "சரிங்க" என்று வைத்துவிட்டு, "ஊத்திக் குடுக்கச் சீனி எங்க இருக்குன்னு கேக்க மறந்துட்டேன்," என்றார். சிரிக்கலாமா என்று தெரியாமல் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தண்ணீர் வடிந்ததும் சனம் லயத்துக்குத் திரும்பியது. அதிகாரிகள் வந்து வெடிப்பை அளந்தார்கள். நிலம் இன்னும் ஆபத்துதான், வேறு இடத்தில் வீடு கட்டித் தருவார்கள் என்றார்கள். கடைசியாகக் கேட்டபோதும் அதைத்தான் சொன்னார்கள்.

முதலாளி திரும்பி வரவேயில்லை. குத்தகை வேறு ஆளுக்குப் போனது. புதியவர் தன் ஆளையே வாட்சராக வைத்துக்கொண்டார். அண்ணன் இப்போது மலையில் கவ்வாத்து வெட்டுகிறார். செவலையையும் கறுப்பையும் நுவரெலியாக்காரர்கள் லொறியில் ஏற்றிப் போனார்கள். நொண்டின கிழட்டுக் குதிரையை அவர்கள் கேட்கக்கூட இல்லை. வெள்ளை என்னோடு இருக்கிறது. லயத்துக்குக் கோடியில் அண்ணனின் மாட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் கல் பாவி ஒரு இடம் செய்திருக்கிறோம். டாக்டரம்மா மாடு பார்க்க வரும்போது அதன் காலையும் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார். புதுக் குளம்பு வளர்ந்துவிட்டது. மழை நாட்களில் மட்டும் சிறிது தாங்கி நடக்கும்.

அண்ணன் அன்று கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. குதிரைக்குக் காய்ந்த தரை வேண்டும் என்று நான் அலைந்த அதே நாட்களில் அண்ணி சட்டி வைத்துக்கொண்டு விழித்திருந்தாள். அது எனக்குத் தெரிந்தும் நான் குதிரைக்காகத்தான் கேட்டேன். அடுத்த முறையும் அப்படித்தான் கேட்பேனோ என்னவோ. நோவு கண் முன்னால் நின்றால் யாருடைய நோவு பெரிது என்று பார்க்க எனக்குத் தோன்றுவதில்லை. இதைச் சொன்னால் அண்ணன், "நீ மட்டும் யோசிச்சு என்னா பண்ண?" என்பார்.

இந்த ஐப்பசியும் மழை தொடங்கிவிட்டது. ஓடைக்கு இப்போது புதுப் பாலம் இருக்கிறது, பாடசாலைக்குப் போகலாம். போன வாரம் நான் பாடசாலை அதிபரைப் போய்ப் பார்த்தேன். மறுபடியும் எழும்பிப் போகச் சொன்னால், பாடசாலையில் எங்காவது ஒரு ஓரத்தில் வெள்ளையைக் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். என்னை உட்காரச் சொன்னார், முழுவதையும் கேட்டார். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் சொல்லவில்லை.